பெர்சிவலை எதற்காகத் திட்டுவது?

அந்தப் புகைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். முட்டிவரை தொங்கும் தொளதொள அரைக்கால் சட்டை, நீளமான காலுறை, தலையில் தட்டையான இரும்புத் தொப்பி என்று நான்கு பிரிட்டிஷ் அதிகாரிகள் சாலையில் நடந்து போகிறார்கள். ஒருவர் தோளில் பிரிட்டிஷ் கொடி, இன்னொருவர் தோளில் வெள்ளைக் கொடி. வழிகாட்டிக்கொண்டு ஒரு ஜப்பானிய அதிகாரி. ஓரமாக, ஒல்லியாக, உயரமாக நடப்பவர் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவல். 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை மாலை. போகும் இடம் சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலை. போவது சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்துச் சரணடைய.

அவர் மீதான தீர்ப்பில் பாதியை அந்தப் படமே எழுதிவிட்டது என்பது என் எண்ணம். உள்வாங்கிய மோவாய், சற்றே துருத்திய முன்பற்கள், எலும்பும் தோலுமான உடம்பு. பார்த்தால் ஜெனரல் மாதிரியே இல்லை. எதிரே உட்கார்ந்த ஜப்பானியத் தளபதி யமாஷிதாவோ கழுத்தே தெரியாத கனத்த மனிதர். ஜெயித்தவன் ஜெயித்தவன் மாதிரியும் தோற்றவன் தோற்றவன் மாதிரியும் இருந்துவிட்டால் அப்புறம் யார் ஆவணங்களைப் புரட்டப் போகிறார்கள்?

பெர்சிவலைத் திட்ட வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எண்பது வருஷத்துக்கு மேலாகத் திட்டுபவர்கள் எல்லாரும் தவறான தேதியைப் பிடித்துக்கொண்டு திட்டுகிறார்கள். அவர் கையெழுத்துப் போட்டதற்காகத் திட்டு வாங்குகிறார். அந்த எழுபது நாட்களில் அவர் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியான ஒன்று அதுதான்.

ஆள் கோழை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது அவர் லண்டனில் இரும்புத்தாது வியாபாரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. வயது 26. சாதாரணச் சிப்பாயாகப் போய்ச் சேர்ந்தவர், போர் முடிவதற்குள் பட்டாலியனை நடத்தும் அளவுக்கு உயர்ந்தார், வீரப் பதக்கங்களும் வாங்கினார். அதற்குப் பிறகு அயர்லாந்து. அங்கே கார்க் பகுதியில் அவர் பெயரைச் சொன்னால் நல்ல வார்த்தை வராது. கைதிகளை அடித்துத் துன்புறுத்தினார் என்று குடியரசுப் படையினர் குற்றம் சாட்டினார்கள், அவரைக் கொல்லவும் முயன்றார்கள். ஆக, படத்தில் தெரியும் சாதுவான வாத்தியார் முகத்தை நம்பி அனுதாபப்படுவதும் தப்பு.

வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூர் எப்படி விழும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். 1936, 37-ல் மலாயாவில் தளபதி டாபியின் கீழ் முதன்மைப் பணியாளர் அதிகாரியாக இருந்தார். சிங்கப்பூர் கடற்படைத் தளத்தைப் பிடிக்க ஜப்பான்காரன் கடல் வழியாக நேரே வர மாட்டான். தாய்லாந்தின் சொங்க்லா, பட்டாணி, மலாயாவின் கோட்டா பாரு என்று வடக்கே இறங்கி, நிலவழியாகத் தெற்கே வருவான். வடகிழக்குப் பருவமழை அவனைத் தடுக்காது. இதுதான் அவர்கள் கண்ட முடிவு. தெற்கு ஜோகூரில் அரண் கட்டக் கொஞ்சம் பணம் வந்தது, கொஞ்சம் கட்டினார்கள், பிறகு அப்படியே நின்றுபோனது.

1941 மே மாதம் அதே பெர்சிவல் மலாயாவின் ராணுவத் தளபதியாகத் திரும்பி வருகிறார். அவரே எழுதிய பரீட்சைத்தாள் அவர் கைக்கே வந்தது என்று சொல்லலாம். ஆனால் கூட வர வேண்டியவை வரவில்லை. லண்டன் தலைமையகமே 336 விமானங்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தது. இருந்தவை 158, அவற்றிலும் பல காலாவதியானவை. ஜப்பானியர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளோடு வந்தார்கள். பிரிட்டிஷ் பக்கம் ஒரு டாங்கிகூட இல்லை. ஆபத்து என்றால் இங்கிலாந்திலிருந்து கப்பற்படை வரும் என்பதுதான் இருபது வருஷமாகச் சொல்லப்பட்ட திட்டம். 1940-ல் பிரான்ஸ் விழுந்த பிறகு அப்படி அனுப்பக் கப்பல் கிடையாது என்பது லண்டனுக்குத் தெரியும். அதைச் சொல்லும் ரகசியக் காகிதங்களோடு கிழக்கே வந்த ஆட்டோமெடன் என்ற கப்பல் 1940 நவம்பரில் ஜெர்மானியர்களிடம் சிக்க, காகிதங்கள் டோக்கியோ போய்ச் சேர்ந்தன. கடைசி நேரத்தில் வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டு கப்பல்களும் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கடிக்கப்பட்டன. சிங்கப்பூர் பீரங்கிகள் எல்லாம் கடல் பக்கமே திரும்பியிருந்தன என்ற கதையை இன்னும் பலர் சொல்கிறார்கள். பெரும்பாலானவற்றை நிலத்தின் பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். கப்பலைத் துளைக்கச் செய்த குண்டுகளே அதிகம் இருந்தன, காலாட்படை மீது அவற்றால் பெரிய பயனில்லை.

போரின் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது நடந்ததும் அப்படித்தான். டிசம்பர் 8 கோட்டா பாருவில் தரையிறக்கம். 11, 12-ல் ஜித்ராவில் 11-வது இந்திய டிவிஷன் உடைந்தது. ஜனவரி 7-ல் சிலிம் ஆற்றங்கரையில் சுமார் முப்பது டாங்கிகள் சில மணி நேரத்தில் இரண்டு பிரிகேடுகளைச் சின்னாபின்னமாக்கின. அங்கே நின்ற இந்தியச் சிப்பாய்கள் பலர் அதுவரை டாங்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. 11-ம் தேதி கோலாலம்பூர். ஜனவரி 31 அன்று கடைசித் துருப்புகள் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் தீவுக்குள் வந்ததும் பாலத்தைத் தகர்த்தார்கள். ஐம்பத்தைந்து நாள்.

இங்கேதான் நான் பெர்சிவலைப் பிடிப்பேன். டிசம்பர் கடைசி வாரம், தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் ஐவன் சிம்சன் வடக்கே போர்முனையைப் பார்த்துவிட்டு, களைத்துப்போய் ராத்திரி நேரத்தில் பெர்சிவலிடம் வருகிறார். தீவின் வடகரையில் இப்போதே அரண் அமைத்துவிடுவோம். கம்பிவேலி, கண்ணிவெடி, நீருக்கடியில் தடை, இரவில் கரையைக் காட்டும் விளக்கு என்று எல்லாவற்றுக்கும் பொருளும் ஆளும் இருக்கின்றன, அனுமதி மட்டும் கொடுங்கள் என்று மன்றாடுகிறார். பெர்சிவல் மாட்டேன் என்கிறார். ஏன் என்று சிம்சன் திரும்பத் திரும்பக் கேட்டதும் வந்த பதில்: அப்படிப்பட்ட அரண்கள் படையினரின் மன உறுதியையும் மக்களின் மன உறுதியையும் கெடுத்துவிடும். இது சிம்சன் பின்னாளில் எழுதியது. சிம்சனுக்கும் தன் பக்கத்து நியாயம் இருந்திருக்கும் என்று தள்ளுபடி செய்துகொண்டாலும், ஜனவரி முழுக்க வடகரை ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது என்பது உண்மை.

மன உறுதி கெட்டுவிடும்! வடக்கிலிருந்து வருவான் என்று 1937-ல் கண்டுபிடித்த அதே மனிதர். அறிவில்லாதவர் செய்தால் மன்னித்துவிடலாம், தெரிந்தவர் செய்ததுதான் ஆறவில்லை. அமைச்சராகச் சிங்கப்பூரில் இருந்த டஃப் கூப்பர் இவரைப் பற்றி எழுதியது சரியாகப் பொருந்துகிறது: நல்ல மனிதர், நிதானமானவர், புத்திசாலியும்கூட, ஆனால் தலைவர் இல்லை, எல்லாமே அவருக்கு ஆல்டர்ஷாட் மைதானத்துப் பயிற்சி நாள் மாதிரி.

அடுத்த தவறும் பெரிய தவறு. ஜப்பானியர் வடகிழக்கில் இறங்குவார்கள் என்று நம்பி, புதிதாக வந்து சேர்ந்த 18-வது பிரிட்டிஷ் டிவிஷனை அங்கே நிறுத்தினார். வடமேற்கில்தான் வருவார்கள் என்று மேலதிகாரி வேவல் நினைத்தார். கட்டளையாகச் சொல்லவில்லை, அபிப்பிராயமாகச் சொன்னார். யமாஷிதா உபின் தீவுப் பக்கம் ஆரவாரம் காட்டிவிட்டு, பிப்ரவரி 8 இரவு வடமேற்கே சரிம்புன் கரையில் இறங்கினார். அங்கே சதுப்பும் கண்டல் காடுமான நீண்ட கரையை மூன்று பட்டாலியன்கள் கொண்ட ஆஸ்திரேலிய 22-வது பிரிகேட் காத்துக்கொண்டிருந்தது. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. விடிவதற்குள் கதை முடிந்தது. 11-ம் தேதி புக்கிட் தீமா போனது, அதோடு உணவுக் கிடங்குகளும் எரிபொருளும் போயின.

இதற்கு நடுவே பிப்ரவரி 10-ம் தேதி சர்ச்சிலின் தந்தி. படையைக் காப்பாற்றுவது, மக்களைக் காப்பாற்றுவது என்ற எண்ணமே கூடாது, கடைசிவரை சண்டை போட வேண்டும், தளபதிகளும் மூத்த அதிகாரிகளும் துருப்புகளோடு சாக வேண்டும். மூன்று வாரம் முன்னால்தான் இதே சர்ச்சில், சிங்கப்பூரின் நிலப்பக்கத்தில் அரணே இல்லை என்று கேள்விப்பட்டு அதிர்ந்துபோயிருந்தார். அடிப்பாகம் இல்லாமல் ஒரு போர்க்கப்பலைக் கடலில் இறக்குவார்கள் என்று எப்படித் தோன்றும், அதுபோலத்தான் இதுவும் எனக்குத் தோன்றவில்லை என்று பின்னால் எழுதினார். அழகான வாக்கியம். பிரதமராக ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தவர் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 15 காலையில் கானிங் கோட்டை மலையின் நிலவறையில் கூட்டம். அன்றைக்குச் சீனப் புத்தாண்டு. அந்த அறையை இன்றும் போய்ப் பார்க்கலாம். தாழ்ந்த கூரை, மூச்சு முட்டும் நடைவழி. மேலே ஊருக்குள், மலாயா முழுவதிலிருந்தும் ஓடி வந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர் சில மைல் பரப்புக்குள் அடைந்து கிடந்தார்கள். நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கையில். வருகிற தண்ணீரும் உடைந்த குழாய்கள் வழியாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள்தான் அலெக்ஸாண்ட்ரா ராணுவ மருத்துவமனைக்குள் புகுந்த ஜப்பானியச் சிப்பாய்கள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் குத்திக் கொன்றிருந்தார்கள். கூட்டத்தின் முன் இருந்த வழி இரண்டு: புக்கிட் தீமாவைத் திரும்பப் பிடிக்கத் தாக்குவது, அல்லது சரணடைவது. தாக்க முடியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இனி முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று வேவலின் அனுமதியும் அன்று வந்துவிட்டது. இதைப் பலர் சொல்வதில்லை. பெர்சிவல் தன்னிச்சையாகக் கொடி பிடிக்கவில்லை.

ஃபோர்டு தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். அவர்கள் உட்கார்ந்து பேசிய அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. மேசை அசல் இல்லை, அசல் மேசை கான்பெராவின் போர் நினைவகத்தில் இருக்கிறது. அந்த அறையில்தான் யமாஷிதா மேசையைத் தட்டி, சரணடைகிறாயா இல்லையா, ஆமாம் அல்லது இல்லை என்று சொல் என்று கத்தினார் என்பது பிரபலமான கதை. மொழிபெயர்ப்பாளர் திணறியதில் பொறுமை இழந்துதான் அப்படிக் கேட்டார் என்றும், அது பத்திரிகைகளில் பெரிதானது அவருக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்வதுண்டு. பெர்சிவல் மறுநாள் காலைவரை அவகாசம் கேட்டார். கிடைக்கவில்லை. ஊரில் கொள்ளை நடக்காமல் இருக்க ஆயிரம் பேர் ஆயுதத்தோடு இருக்க அனுமதி கேட்டார். அது கிடைத்தது. மாலை 6.10-க்குக் கையெழுத்து.

யமாஷிதா பின்னால் சொன்னதுதான் பெர்சிவலின் தலையில் விழுந்த கடைசி அடி. தன்னிடம் தீவில் இருந்தது 30,000 பேர்தான், குண்டும் தீரப்போகிறது, தெருச் சண்டை வந்தால் தோற்றுவிடுவேன் என்று பயந்தேன், எல்லாம் பாவனை, அது பலித்தது என்றார். பெர்சிவல் பக்கம் தீவில் சுமார் 85,000 பேர். சரி, இன்னும் இரண்டு நாள் பிடித்திருக்கலாமே?

பிடித்திருக்கலாம். யமாஷிதாவின் பெட்டியில் எத்தனை குண்டு என்று பெர்சிவலுக்குத் தெரியாது, அது ஒன்று. அவருடைய 85,000-ல் சண்டைக்குத் தயாராக இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. ஆயுதம் எறிந்துவிட்டுத் துறைமுகத்தில் கப்பல் தேடியவர்களும் அதில் அடக்கம். ஆனால் என் கண் போவது வேறு பக்கம். பத்து லட்சம் பேர் நெருக்கியடித்த ஊரில் வீட்டுக்கு வீடு சண்டை என்றால் என்ன ஆகும்? 1945 பிப்ரவரியில் மணிலாவில் அதுதான் நடந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். அங்கே ஜப்பானியத் தரப்பின் மேல்தளபதி அதே யமாஷிதா. நகரத்தை விட்டு வெளியேறச் சொல்லியிருந்தார், கடற்படைத் துருப்புகள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் படுகொலைகளுக்குப் பொறுப்பாளி என்று அவரைத்தான் 1946 பிப்ரவரி 23 அன்று தூக்கில் போட்டார்கள்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், அதை என்னால் ஒதுக்கவும் முடியவில்லை. சரணடைந்ததால் மக்கள் தப்பிவிட்டார்களா? சில நாட்களிலேயே சூக் சிங் என்ற களையெடுப்பில் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, தலையாட்டிகள் கைகாட்ட, லாரியில் ஏற்றிக் கடற்கரையில் சுட்டார்கள். ஜப்பானியத் தரப்புக் கணக்கே சுமார் 5,000. சீனச் சமூகத்தின் கணக்கு அதைப்போலப் பல மடங்கு. இந்தியச் சிப்பாய்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் மைதானத்தில் திரட்டப்பட்டார்கள். கர்னல் ஹன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அவர்களைச் சந்தையில் மாட்டைக் கைமாற்றுவது போல ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஃபுஜிவாரா, ஜப்பானியரோடு சேர்ந்திருந்த இந்தியக் கேப்டன் மோகன் சிங்கிடம் கொடுத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் அத்தியாயம் அப்படித்தான் தொடங்கியது. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. நகரம் எரிந்திருந்தால் இவை நடந்திருக்காது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் "மக்களைக் காப்பாற்றினார்" என்று முழுப் பட்டமும் கட்டிவிட முடியாது.

மைத்துனர் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருந்தார். கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிப் பக்கம் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போய்வந்த கதையை நான் அளந்துகொண்டிருந்தபோது பெர்சிவல் பற்றிக் கேட்டேன். "யாரு தம்பி அது?" என்றார். நான் விளக்கியதும் சிரித்தார். "எங்கப்பா சொல்றது வேற. தொரைமாருங்க ராவோட ராவா கெளம்பிட்டாங்களாம். நாய்க்குக்கூட ஆள் வெச்சிட்டுப் போனானுங்க, நமக்கு ஒரு வார்த்த சொல்லலேன்னு சாவற வரைக்கும் சொல்லுவாரு. சயாமுக்குப் போன எங்க சித்தப்பா வரவே இல்ல."

அங்கே ஜனங்களின் நினைவில் துரோகத்தின் தேதி பிப்ரவரி 15 இல்லை. அது டிசம்பர் மாதம். பினாங்கிலிருந்து ஐரோப்பியர்களை மட்டும் 16, 17 தேதிகளில் சத்தமில்லாமல் கப்பலேற்றினார்கள். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் கொடி மட்டும் கார்ன்வாலிஸ் கோட்டைக் கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது, அதனால் ஜப்பானிய விமானங்கள் குண்டு போடுவதை நிறுத்தவில்லை. அப்போது ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து போய் அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். பினாங்கில் படை ஏதும் இல்லை என்று வானொலியிலும் அறிவித்தார். 19-ம் தேதி ஜப்பானியர் வந்தார்கள். ஊரைக் காப்பாற்றியவர் என்று அவரைத்தான் பினாங்கில் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து வெள்ளைக் கொடியோடு நடந்த ஜெனரலுக்கு அந்தப் பேச்சே கிடையாது. சரவணமுத்து தலையில் யாரும் சாம்ராஜ்யத்தின் மானத்தை ஏற்றி வைக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

பழி எப்படிப் பங்குபோடப்பட்டது என்று பார்த்தால் இன்னும் கூத்து. பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மிக மோசமான பேரழிவு, மிகப் பெரிய சரணாகதி என்றார் சர்ச்சில். விசாரணை? போர் நடக்கும்போது முடியாது என்றார். போர் முடிந்த பிறகும் நடக்கவில்லை. 1971-ல் தன் படை டாக்காவில் இந்தியாவிடம் சரணடைந்த பிறகு பாகிஸ்தான்கூட ஹமூதுர் ரஹ்மான் கமிஷன் என்று ஒன்றை உட்காரவைத்தது. அறிக்கையைப் பல்லாண்டுகள் பூட்டி வைத்தது வேறு விஷயம். பிரிட்டன் அதையும் செய்யவில்லை. செய்திருந்தால் இருபது வருஷத்துப் பிரதமர்கள், நிதியமைச்சர்கள், கடற்படைத் தலைவர்கள் எல்லாரும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்து வந்த ஒல்லி மனிதர் ஒருவர் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

விசாரணையை எதிர்கொண்ட ஒரே தளபதி ஆஸ்திரேலிய டிவிஷனின் கார்டன் பென்னெட். சரணடைந்த அன்றிரவே தன் ஆட்களை விட்டுவிட்டுப் படகு பிடித்துத் தப்பினார். ஊருக்குப் போய்ச் சிங்கப்பூர் ஏன் விழுந்தது என்று புத்தகமும் எழுதினார். அவர் பொறுப்பை விட்டுப் போனது நியாயமில்லை என்று 1945-ல் ஆஸ்திரேலிய விசாரணை ஆணையம் சொன்னது. அதற்குத் தூண்டுதலாக இருந்தது பெர்சிவல் சிறையிலிருந்து எழுதிய கடிதம். சண்டையில் காட்டாத பிடிவாதத்தை அந்த மனிதர் இதில் காட்டியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

பெர்சிவல் சாங்கி, ஃபார்மோசா, மஞ்சூரியா என்று மூன்றரை வருஷம் கைதியாக இருந்தார். அமெரிக்க ஜெனரல் வெயின்ரைட்டும் அங்கே கூட இருந்தார். 1942 மே மாதம் பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில் சரணடைந்தவர். ஊர் திரும்பினால் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தவர். 1945 செப்டம்பர் 2 அன்று மிசூரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது மெக்ஆர்தர் இருவரையும் தன் முதுகுப் பக்கம் நிற்க வைத்தார், கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எலும்புக்கூடு மாதிரி இரண்டு பேரும் நிற்கும் படத்தில் யார் யார் என்று பிரித்தறிவதே கஷ்டம். மறுநாள் பாகியோவில் யமாஷிதா சரணடைந்த சடங்கிலும் பெர்சிவல் இருந்தார். கை கொடுக்க மறுத்துவிட்டார்.

அப்புறம் வெயின்ரைட் ஊர் போய்ச் சேர்ந்தார். நான்காவது நட்சத்திரம், நாட்டின் உச்சப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர், தெருவெங்கும் ஊர்வலம். பெர்சிவலும் ஊர் போய்ச் சேர்ந்தார். 1946-ல் ஓய்வு. லெப்டினன்ட் ஜெனரல் என்று பெயருக்குப் போட்டுக்கொள்ளலாம், ஓய்வூதியம் மேஜர் ஜெனரலுக்கு உரியதுதான் என்றார்கள். அந்த அந்தஸ்தில் இருந்தவர்களுக்கு வழக்கமாக வரும் சர் பட்டம் அவருக்கு வரவில்லை.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் அமைதியாக இருந்தார். 1949-ல் தன் தரப்பை ஒரு புத்தகமாக எழுதினார், யார் மீதும் பெரிதாகப் பாய்ச்சல் இல்லாத நூல். மிச்ச நாட்களில் அவர் அதிகம் அலைந்தது தூரகிழக்குப் போர்க்கைதிகள் சங்கத்துக்காக. சங்கத் தலைவராக அவரை வைத்துக்கொண்டவர்கள் வேறு யாருமில்லை, அந்தக் கையெழுத்தால் மூன்றரை வருஷம் பட்டினி கிடந்து, சயாம் பாதையில் கல் சுமந்து திரும்பியவர்கள்தான். ஜப்பானின் முடக்கப்பட்ட சொத்துகளிலிருந்து அவர்களுக்கு இழப்பீடு வாங்கித் தருவதில் கடைசிவரை கூட நின்றார். 1966 ஜனவரி 31 அன்று 78 வயதில் இறந்தார்.